நம்ம ஊர் சமையக்கட்டு மாறின கதை

கோயமுத்தூர், சென்னை, பெங்களூர்னு போய்க் குடியேறின எங்க ஊர்க்காரங்க நாலஞ்சு வருஷமா ஒரு வேலை பண்ணிட்டு இருக்காங்க. பூட்டிக் கெடந்த பாட்டன் வீட்டை இடிக்காம சரி பண்றாங்க. நல்ல விஷயம்தான். வாரக் கடைசியில வந்து தங்கலாம், பின்னாடி ரிட்டையர் ஆனா இங்கயே இருந்துக்கலாம்னு ஒரு நெனப்பு. அப்படி வர்றவங்க எங்கிட்டக் கேக்கற மொதக் கேள்வி பெரும்பாலும் சமையக்கட்டைப் பத்தித்தான். "மாடுலர் கிச்சனுக்கு மூணு லட்சம் கொட்டேஷன் குடுத்திருக்காங்கண்ணா, போட்டா வீட்டு மதிப்பு கூடுமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் அவங்களை அந்த வீட்டோட பழைய அடுப்படிக்குள்ள கூட்டிட்டுப் போவேன். அந்தச் சுவத்துலயும் கூரையிலயும் நூறு வருஷக் கதை இருக்கு. எந்த மாத்தம் எப்ப வந்துச்சு, அதுக்கு என்ன செலவாச்சு, அதனால யாருக்கு என்ன நல்லது நடந்துச்சுன்னு தெரிஞ்சுட்டா, காசை எங்க போடணும்னு தானா தெரிஞ்சிரும். அதைத்தான் இங்க எழுதறேன்.

எங்க கொங்குப் பக்கம் ஓரளவு வசதியான குடியானவங்க வீடுன்னா தொட்டிக்கட்டு வீடு. நடுவுல வானம் பாத்த தொட்டி, சுத்தியும் ஆசாரம், பின்னால பொடக்காணி. சமையக்கட்டு தென்கிழக்கு மூலையில இருக்கும். அக்கினி மூலைன்னு சாஸ்திரம் சொல்லும். சாஸ்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்க ஊருக்கு அது காத்துக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசிக் கடைசியில ஆரம்பிக்கற மேக்காத்து ஆவணி வரைக்கும் விடாம அடிக்கும். ஆடி மாசம் எங்க ஊர்ல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், தென்னை மரமெல்லாம் கிழக்கே பாத்துச் சாமியாடும். அந்தக் காத்துல மேக்கு மூலையில அடுப்பு இருந்தா பொகை பூராவும் வீட்டுக்குள்ளதான் வரும். தென்கிழக்குல இருந்தா கிழக்கால வெளியேறிடும். வேற சீமையில காத்து வேற பக்கம் அடிக்கும், அங்க இதே மூலை ஒத்துவருமான்னு காத்தைப் பாத்துத்தான் சொல்லணும், பஞ்சாங்கத்தைப் பாத்து இல்லை.

வசதி இல்லாத வீட்டுல தனி சமையக்கட்டே கிடையாது. ஒரே அறை, ஒரு மூலையில மண் அடுப்பு. மழை இல்லாத நாள்ல வாசல்ல மூணு கல்லைக் கூட்டி அங்கயே சோறாக்கிருவாங்க. "வாசல்ல அடுப்பு வெக்கிற குடும்பம்"னு ஒரு இளக்காரப் பேச்சே உண்டு. இந்தப் பேச்சை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

பெரிய வீட்டு அடுப்படி எப்படி இருந்துச்சு? குனிஞ்சு போற கதவு. ஜன்னல் கிடையாது, இருந்தா ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பொந்து. தரையோட தரையா அடுப்பு, பக்கத்துலயே ஒட்டி ஒரு கொடியடுப்பு. தரையில பதிச்ச ஆட்டாங்கல். சுவரோரம் அம்மி. மேல உறி, அட்டாலியில மொடாவும் ஊறுகாய்ச் சாடியும். சுவர் பூரா கரி. உள்ள போனா கண்ணு பழகறதுக்கே கொஞ்ச நேரம் ஆகும்.

ஏன் இப்படிக் கட்டுனாங்க? பெரியவங்க ஒண்ணும் விவரம் இல்லாதவங்க இல்லை. ஜன்னல் வெச்சா பூனை வரும், திருடன் வருவான், சோறு வடிக்கிறதை அடுத்தவங்க கண்ணு பாக்கும். காத்து அடிச்சா நெருப்புப் பொறி கூரைக்குப் போகும். அது போக, பொகைக்கு ஒரு வேலையும் இருந்துச்சு. மூங்கிலும் பனஞ்சட்டமும் போட்ட கூரைக்குப் பொகை ஏறுனா உளுக்காது, வண்டு துளைக்காது. அடுத்த வருஷத்துக்கு விதைக்கிற சோளக்கதிரை அடுப்புக்கு மேலதான் கட்டித் தொங்கவிடுவாங்க. சுரைக்குடுக்கையில அவரை வெதை, பூசணி வெதை போட்டு அங்கயே மாட்டியிருப்பாங்க. பொகை பட்ட வெதையைப் பூச்சி தொடாது. ஆக வீட்டுக்கும் காட்டுக்கும் அந்தப் பொகை லாபம்தான். அதுக்குக் கீழ உக்காந்து கண்ணைக் கசக்குன பொம்பளைங்களை மட்டும் யாரும் அந்தக் கணக்குல சேக்கலை.

எங்க பக்கம் வெறகு வேற ஒரு தொல்லை. பருத்திக் காடு நெறைய இருந்த பூமி, அதனால அடுப்பெரிக்கப் பருத்திமார்தான். பருத்திமாரு சட்டுனு புடிக்கும், சட்டுனு அணையும். ஒரு கட்டையை வெச்சுட்டு எந்திரிச்சுப் போக முடியாது, பக்கத்துலயே உக்காந்து தள்ளிக்கிட்டே இருக்கணும். ஆடி ஐப்பசியில ஈரம் ஏறிருச்சுன்னா ஊதாங்கொழலை வெச்சு ஊதி ஊதித்தான் எரிக்கணும். ஒரு வேளை சோத்துக்கு ரெண்டு மணி நேரம் பொகையில உக்கார்ந்தாகணும்.

இதுல மொத மாத்தம் கூரையிலதான் வந்துச்சு. ஜெர்மன் மிஷனரியான பிளெப்ஸ்ட் 1865ல மங்களூர் ஜெப்புவுல பாசல் மிஷன் சார்பா ஓட்டுக் கம்பெனி ஆரம்பிச்சார். கொஞ்ச வருஷத்துல கோழிக்கோட்டுலயும் ஆலை வந்துச்சு. மெட்ராஸ்ல இருந்து போத்தனூர் வழியா பேப்பூர் போற ரயில் பாதை 1862லயே போட்டாச்சு. அதனால மலையாளக் கரை ஓடு எங்க பக்கம் வர்றதுக்கு வழி சுலபம். நாட்டு ஓடு கொயவர் கையால செய்யறது, ஒண்ணுபோல ஒண்ணு இருக்காது, வருஷா வருஷம் பிரிச்சு அடுக்கணும். சீமை ஓடு அச்சுல அடிச்சது, எல்லாம் ஒரே அளவு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கும்.

இந்த "ஒரே அளவு"தான் அடுப்படிக்கு வந்த பெரிய அதிர்ஷ்டம். அதே அச்சு அளவுல கண்ணாடி ஓடும் வந்துச்சு. ஏணி வெச்சு ஏறி, ஒரு மண் ஓட்டை எடுத்துட்டு அந்த இடத்துல கண்ணாடி ஓட்டை மாட்டுனா வேலை முடிஞ்சுது. கொத்தனார் வேண்டாம், ஆசாரி வேண்டாம். ஒரு ஓட்டு விலையில அடுப்படிக்குள்ள பகல் வந்துரும். அரிசியில கல்லு தெரியும், பருப்புல வண்டு தெரியும், தேளு இருந்தா தெரியும். எங்க ஆத்தா (அப்பாவோட அம்மா) அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இருவது வருஷம் கழிச்சுத்தான் அந்த ஒரு கண்ணாடி ஓட்டை மாட்டுனாங்களாம். ஆசாரத்துக்கு நாலு கண்ணாடி ஓடு கூரை மாத்துன அன்னிக்கே போட்டாச்சு. அங்க எங்க அப்பாரு உக்காந்து கணக்கு எழுதுவார் பாருங்க.

பொகையைப் பத்தி நாட்டுல யாருமே யோசிக்கலைன்னு சொல்ல முடியாது. தஞ்சாவூர்ல பொறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியோட அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தா மகன்வாடியில இருந்து நடத்தினவர். அந்த மகன்வாடியில இருந்து 1947ல "மகன் சூலா"ன்னு ஒரு பொகையில்லா மண் அடுப்பு வந்துச்சு. அடுத்து ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த எஸ்.பி. ராஜு இதையே இன்னும் சீர்படுத்தி, லட்சக்கணக்கான வீட்டுக்குப் பொகையில்லாத சமையலறை வேணும்னு ஒரு புஸ்தகமே எழுதினார். 1953ல அது மெட்ராஸ்ல அச்சாச்சு. சுதந்திரம் வந்து ஆறே வருஷம்! அணைக்கட்டு, இரும்பாலைன்னு நாடே பேசிட்டு இருந்தப்ப ஒரு இஞ்சினியர் அடுப்பு ஊதறதைப் பத்திப் புஸ்தகம் போட்டிருக்கார்.

அந்த அடுப்போட சூத்திரம் ரொம்ப எளிசு. நெருப்பு எரியற வாய் ஒண்ணுதான், மேல பாத்திரம் வெக்கிற குழி ரெண்டோ மூணோ. மொதக் குழியில சூடு தட்டிட்டு மிச்ச அனல் உள்ளுக்குள்ளயே அடுத்த குழிக்குப் போகும், கடைசியில பொகைக் கொழாய் வழியா கூரைக்கு மேல போயிரும். கொழாய்க்குள்ள சூடான காத்து மேல ஏற ஏற, அடுப்பு வாய் வழியா புதுக் காத்து தானா உள்ள இழுக்கும். ஊத வேண்டியதில்லை. செலவு மண்ணும் கொழாயும்தான்.

மத்திய அரசு 1983 வாக்குல இதைத் தேசியத் திட்டமாவே எடுத்துச்சு. 2002 வரைக்கும் நடந்த அந்தத் திட்டத்துல நாடு பூரா மூணு கோடிக்கு மேல அடுப்பு கட்டினாங்க. இந்திரா வீடு கட்டிக் குடுக்கறப்பவும் பொகையில்லா அடுப்பு ஒண்ணு சேத்துத்தான் கட்டணும்னு விதி. அப்புறம் ஏன் இன்னிக்கு ஊருக்குள்ள அந்த அடுப்பைத் தேடிப் புடிக்க வேண்டியிருக்கு?

நான் கேட்ட வரைக்கும் பொம்பளைங்க சொல்ற காரணம் எல்லாம் ஒண்ணுதான். அடுப்பைக் கட்ட வந்தவங்க பொம்பளைங்ககிட்ட எதுவும் கேக்கலை. அடுப்பு வாய் சின்னது, முழுப் பருத்திமாரை உள்ள விட முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒடிச்சுப் போடணும். குழி ஒரே அளவு, எங்க வீட்டுச் சோத்துக் குண்டா அதுல உக்காராது. பெரிய குண்டா வெக்கிறதுக்காகக் குழியை இடிச்சுப் பெருசாக்கினா சந்து வழியாப் பொகை மறுபடி உள்ளதான் வரும். ரெண்டாங் குழியில சூடு பத்தாது. கொழாயில கரி அடைச்சா மாசம் ஒருக்கா மேல ஏறிக் குத்தி விடணும், ஏறறது யாரு? கூரையைத் தொளைச்ச இடத்துல மழைக்கு ஒழுகும், கூரை வீடா இருந்தா பொறி பட்டுரும்னு பயம் வேற. ரெண்டு மழைக்காலம் பாத்துட்டுப் பழைய அடுப்புக்கே போயிட்டாங்க. சில புத்திசாலிப் பொம்பளைங்க மட்டும் அடுப்பை இடிச்சுத் தன் அளவுக்குக் கட்டிட்டு, பொகைக் கொழாயை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுல அந்தச் சிமெண்ட் கொழாய் இன்னும் நிக்குது, தண்ணி காய வெக்கிற அடுப்புக்கு.

பொகை ஒரு பொருட்டான்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் கூட இருந்தவங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல அடுப்படி அடுப்படியாப் போய் பொகைத் தூசியை அளந்தாங்க. 2002ல வெளிவந்த ஆய்வு அது. வெறகு, வறட்டி எரியற வீட்டுல சமைக்கிற நேரத்துல ஒரு கன மீட்டர் காத்துல 500ல இருந்து 2,000 மைக்ரோகிராம் வரைக்கும் நுண்தூசி இருந்துச்சு. நாள் பூராவும் சராசரி எடுத்தா அங்க சமைக்கிறவங்க மேல படற தூசி 231, கேஸ் மாதிரி சுத்தமான எரிபொருள் இருக்குற வீட்டுல 82. அடுப்படி எந்த மாதிரி, வீட்டோட சேந்ததா, தனியா, வாசல்லயான்னும் பிரிச்சுப் பாத்திருக்காங்க. அடைச்ச அடுப்படிதான் மோசம். இப்ப அந்த "வாசல்ல அடுப்பு வெக்கிற குடும்பம்" பேச்சை நெனச்சுப் பாருங்க. இளக்காரமாப் பேசுன பெரிய வீட்டுப் பொம்பளைங்கதான் அதிகப் பொகை குடிச்சிருக்காங்க.

எங்க அம்மாவுக்கு அறுவது தாண்டின பின்னாடி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில கொழாய்ல ஊதச் சொல்லிப் பாத்துட்டு டாக்டர் கேட்ட மொதக் கேள்வி, "அம்மாவுக்குப் பீடி, சுருட்டுப் பழக்கம் ஏதாவது இருந்துச்சுங்களா?" அம்மா சிரிச்சுருச்சு. அப்புறம் டாக்டரே, "எத்தனை வருஷம் வெறகடுப்பு?"ன்னு கேட்டார். முப்பத்தெட்டு வருஷம்னு அம்மா வெரல் விட்டு எண்ணிச் சொல்லுச்சு. அந்த முப்பத்தெட்டு வருஷத்துல எங்க வீட்டுல கெணறு ரெண்டு தடவை ஆழப்படுத்தியாச்சு, மோட்டார் மூணு மாத்தியாச்சு, மாட்டுக் கொட்டாய்க்கு ஆஸ்பெஸ்டாஸ் போட்டாச்சு. எல்லாம் வருமானம் வர்ற எடம், சரிதான். அடுப்படி சுவத்துல மேல ஒரு ரெண்டடி ஜன்னல் உடைச்சு வெக்க ரெண்டு கொத்தாள் கூலிதான் ஆகியிருக்கும். அது கடைசி வரைக்கும் யாருக்கும் தோணலை, ஏன்னா பணப்பெட்டிச் சாவி இருந்த கை அடுப்பு ஊதுன கை இல்லை.

கேஸ் வந்த கதை உங்களுக்கு ஓரளவு தெரியும். 1955ல பம்பாயில பர்மா ஷெல் ஆரம்பிச்சது, 1965ல கல்கத்தாவுல இண்டேன் மொத இணைப்பு குடுத்துச்சு. டவுனுக்கு வந்து சேந்து, அங்கிருந்து எங்க ஊர் மாதிரி ஊருக்கு வர இன்னும் இருவது முப்பது வருஷம் புடிச்சுது. நடுவுல மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ், அதுவும் காப்பி போடத்தான். 2006 தேர்தலுக்கு அப்புறம் கலைஞர் ஆட்சியில இலவச கேஸ் அடுப்பு இணைப்போட வந்துச்சு. 2016 மே 1ஆம் தேதி உத்தரப்பிரதேசம் பல்லியாவுல உஜ்வலா திட்டம் ஆரம்பிச்சு, இணைப்பைப் பொம்பளைங்க பேர்லயே குடுத்தாங்க. வீட்டுப் பத்திரம் ஆம்பள பேர்ல, நெலம் ஆம்பள பேர்ல, கரண்ட் கனெக்‌ஷன் ஆம்பள பேர்ல இருந்த வீட்டுல, கேஸ் புக்குல அம்மிணி பேரு ஏறுச்சு.

ஆனா கேஸ் கூடவே வந்த இன்னொண்ணைப் பத்தி யாரும் எழுதலை. அதுதான் மேடை. சிலிண்டரை நிக்க வெக்கணும், அடுப்பு அதைவிட ஒசரத்துல இருக்கணும்னு பாதுகாப்பு விதி. தரையில அடுப்பு வெச்சா ஒத்துக்க மாட்டாங்க. அதனால அவசர அவசரமா ரெண்டு செங்கல் சுவரை எழுப்பி மேல ஒரு கடப்பாக்கல்லைப் படுக்க வெச்சாங்க. காலங்காலமாக் குத்த வெச்சும் சம்மணம் போட்டும் சமைச்ச பொம்பளைங்க எந்திரிச்சு நின்னது இப்படித்தான். கடப்பா மாவட்டத்துல தோண்டற அந்தக் கருப்புக் கல்லுதான் எங்க ஊர்ப் பொம்பளைங்க முழங்காலைக் காப்பாத்துச்சுன்னு நான் சொல்லுவேன். பழகாத பெரியவங்க பாடு தனி. எங்க பெரியத்தை ஒருத்தங்க நின்னுட்டே சமைச்சா கால் வலிக்குதுன்னு ஒரு முக்காலியைப் போட்டு மேடை மேலயே ஏறிச் சம்மணம் போட்டு உக்காந்து தோசை ஊத்துவாங்க. பாக்கக் கோயில் மண்டபத்துல சாமி உக்காந்த மாதிரி இருக்கும்.

ஆட்டாங்கல் வெளிய போனதும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். 1932ல பைக்காரா மின்சாரம் வந்ததால கோயமுத்தூர்ல மில்லும் மோட்டார்ப் பட்டறையும் பெருகுச்சு. அந்தப் பட்டறை மூளையில பொறந்ததுதான் கிரைண்டர். 1955ல சபாபதிங்கிறவர் மொதல்ல செஞ்சதாச் சொல்லுவாங்க. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. ஆனா பக்கத்து ஊர்ல செய்யற சாமான் எங்க ஊர் எல்லா வீட்டுக்கும் வர 2011 ஆகிப்போச்சு. அந்த வருஷம் செப்டம்பர் 15ல ஜெயலலிதா அம்மா மிக்சி, கிரைண்டர், ஃபேன் குடுக்க ஆரம்பிச்சாங்க. இலவசம்னு கிண்டல் பண்ணினவங்க நெறைய. தெனம் காலையில ஒரு மணி நேரம் குனிஞ்சு கொழவி சுத்துனவங்க யாரும் கிண்டல் பண்ணி நான் கேட்டதில்லை. தரையில பதிச்ச ஆட்டாங்கல்லைத் தோண்டி எடுத்ததும் அடுப்படியில ஒரு ஆள் படுக்கற அளவுக்கு எடம் வந்துச்சு. அந்தக் கல்லெல்லாம் இப்ப பொடக்காணியில துணி தொவைக்கவும் கோழிக்குத் தண்ணி வெக்கவும் கெடக்குது. நகரத்துக்காரங்க தோட்டத்து அழகுக்கு வாங்கிட்டுப் போறாங்கன்னும் கேள்வி.

அதே 2011ல தொடங்குன பசுமை வீடுகள் திட்டத்துல 300 சதுர அடி வீட்டுக்கு அஞ்சு சோலார் விளக்கு. திண்ணைக்கு ஒண்ணு, ஹாலுக்கு ஒண்ணு, படுக்கற அறைக்கு ஒண்ணு, கக்கூசுக்கு ஒண்ணு, சமையலறைக்கும் ஒண்ணு. சமையக்கட்டுக்குன்னு தனியா ஒரு விளக்கை வரைபடத்துலயே எழுதி வெச்சாங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

தண்ணியை மறந்துட்டேன். அடுப்படிக்குள்ள தண்ணி வந்தது எல்லாத்துக்கும் கடைசி. வாசல்ல கொழாய் வந்து பல வருஷம் கழிச்சும் குடத்துல தூக்கிட்டுத்தான் உள்ள போனாங்க. மேல ஒரு டேங்க்கு, அங்கிருந்து ஒரு பைப்பு, ஒரு சிங்க்கு. இதுக்கு ஆன செலவு ஒரு கன்னுக்குட்டி விலை. சிங்க்குத் தண்ணியை அப்படியே பொடக்காணிக்கு விட்டு ரெண்டு வாழை வெச்சாச்சு, சேறும் இல்லை, தாரும் கெடைக்குது.

சரி, மதிப்புக்கு வருவோம். பஞ்சாயத்து வீட்டு வரி போடறப்பக் கூரையா, ஓடா, மச்சு வீடான்னு பாத்து அடிக்கணக்குல போடுவாங்க. பேங்க்கு இஞ்சினியர் வந்தா எத்தனை சதுர அடி, கட்டி எத்தனை வருஷம், நெலம் என்ன விலைன்னு எழுதிட்டுப் போவார். ரெண்டு பேருமே அடுப்படியைத் தாண்டி உள்ள வந்து நான் பாத்ததில்லை. ஆக காகிதத்துல உங்க மூணு லட்சத்துக்குக் கிராமத்துல மதிப்பு ரொம்பக் கம்மி.

ஆனா இன்னொரு மதிப்பீடு நடக்குது. எங்க பக்கம் விவசாயம் பாக்கற பையனுக்குப் பொண்ணு கெடைக்கறது இப்ப எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வந்தா ஆம்பளைங்க திண்ணையில உக்காந்து தென்னை எத்தனை, போர் எத்தனை அடின்னு பேசிட்டு இருப்பாங்க. பொண்ணோட அம்மா "கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னு சொல்லிட்டு நேரா சமையக்கட்டுக்குள்ள வந்துரும். சுவத்துல கரி இருக்கா, ஜன்னல் எங்க, மேடை இருக்கா, எல்லாம் ஒரு சுத்துல பாத்துரும். "கொழாய்த் தண்ணி உள்ளயே வருதுங்களா?" இது எங்க வீட்டுலயே கேட்ட கேள்வி. அஞ்சு ஏக்கர் தோப்பு இருந்தும் இருட்டு அடுப்படியால தட்டிப்போன சம்பந்தம் எனக்குத் தெரிஞ்சே ரெண்டு உண்டு. வெளிய ஜாதகம் சரியில்லைன்னு சொல்லிக்குவாங்க.

அதனால பாட்டன் வீட்டைச் சரி பண்ண வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஓட்டு வீடா இருந்தா மொதல்ல அடுப்புக்கு நேரா மேல இல்லாம, நின்னு காய் நறுக்கற எடத்துக்கு மேல ரெண்டு கண்ணாடி ஓடு. அடுத்தது, காத்து அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம், எங்க ஊர்னா கிழக்கால, கூரைக்குக் கீழ ஒட்டி ஒரு அகல ஜன்னல் இல்லேன்னா சிமெண்ட் ஜாலி. பொகையும் ஆவியும் மேலதான் போகும், இடுப்பு ஒசர ஜன்னல் வெளிச்சத்துக்கு ஆகும், பொகைக்கு ஆகாது. மேக்கால ஜன்னல் வெச்சிருந்தா ஆடிக் காத்துல கேஸ் அடுப்பே அணைஞ்சு போகும், பாத்துக்கங்க. சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் போடறதா இருந்தா அதையும் கிழக்குச் சுவத்துலயே போடுங்க, காத்தை எதுத்துத் தள்ள வெக்காதீங்க.

மேடைக்கு கிரானைட் வேணும்னு ஒண்ணும் இல்லை, நல்ல கடப்பாக்கல் போதும். ஒசரத்தை மட்டும் மேஸ்திரிகிட்ட விட்டுராதீங்க. அவர் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான் வெப்பார். சமைக்கிறவங்களை நிக்க வெச்சு கையை மடக்கச் சொல்லி அளங்க. காய் நறுக்கற எடம் முழங்கைக்கு நாலஞ்சு அங்குலம் கீழ இருக்கணும். அடுப்பு வெக்கிற எடம் அதைவிடத் தாழ இருக்கணும், ஏன்னா அடுப்பு ஒசரமும் குண்டா ஒசரமும் மேல சேரும். எங்க அம்மா அஞ்சடிக்கும் கம்மி. எங்க வீட்டு மேடையைப் பாத்துட்டு டவுன்ல இருந்து வந்த கொழுந்தியா "என்னங்க மாமா, கொழந்தைக்குக் கட்டுன மாதிரி இருக்கு"ன்னுச்சு. அம்மா அந்த மேடையிலதான் தோள்பட்டை வலி இல்லாம இன்னிக்கும் சமைக்குது.

மேடைக்கு மேல சுவத்துல ரெண்டு அடிக்கு டைல்ஸ், மிச்சத்துக்கு வெள்ளை. கரிச் சுவத்துக்கு மேல நேரா பெயிண்ட் அடிச்சா மஞ்சளா ஊறி வெளிய வரும். மொதல்ல சொரண்டி, சோடா போட்ட தண்ணியில கழுவி, நல்லாக் காயவிட்டு அப்புறம் அடிக்கணும். பழைய கதவை மாத்தாதீங்க, நல்ல வேம்பு. நிலவை மட்டும் ஒசத்திக்கலாம்.

வெறகடுப்பு வேண்டவே வேண்டாமான்னு கேக்கறாங்க. சிலிண்டர் விலை ஏறுனா எங்க ஊர்ல பாதிப் பேரு இன்னும் வெறகுக்குத்தான் போறாங்க. தென்னை மட்டையும் பாளையும் சும்மா கெடக்கறப்ப குளிக்கத் தண்ணி காய வெக்க யாரு கேஸை எரிப்பா? அதுக்குப் பொடக்காணியில கிழக்கால ஒரு சாய்ப்பு எறக்கி, ரெண்டு பக்கம் தொறந்து விட்டு அங்க அடுப்பு வெச்சுக்கங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு. கறிக்கொழம்பு வெக்கிற ஞாயித்துக்கெழமையில அம்மா அங்க போகப் பாக்கும். இப்ப அந்த அடுப்புக்கிட்ட நாந்தான் உக்கார்றேன். பருத்திமாரு இல்லாமப் போயி வருஷமாச்சு, தென்னம்பாளைதான். அதுவும் சட்டுனு புடிச்சு சட்டுனு அணையற ஜாதிதான், எந்திரிச்சுப் போக விடறதில்லை.